பல்கிஸின் குன்று

விடிந்தால் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை பல்கிஸுக்கு நிச்சயதார்த்தம்.

வாசலில் கூடாரக்காரர்கள் இரும்புக் கால்களை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். தைப்பிங்கில் மழை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும் என்று மட்டும்தான் சொல்லலாம். அதனால் ஒருவரை ஒருவர் விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே, சீர்த்தட்டுகள் பரப்பிய மேசையின் ஒரு மூலையில், மகளின் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு செவ்வாய்க் கிரகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஹஸ்னா.

ஹஸ்னாவுக்கு மாவட்ட நில அலுவலகத்தில் வேலை. வரைபட அறை. ஆற்றுக்குள் கிடக்கும் மனையை விற்றவன், ஒரே மனையை அண்ணனுக்கும் தம்பிக்கும் விற்றவன், இடுகாட்டுக்குப் பட்டா வாங்க வந்தவன் என்று எல்லோரும் அவள் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு வந்தார்கள். அதனால் சிரித்த முகம் என்றாலே அவளுக்கு ஒரு யோசனை.

மாப்பிள்ளை ஃபக்ருலுக்குச் சிரித்த முகம்.

போன வாரம் பெண் கேட்டு வந்த ஃபக்ருலின் அம்மா, மோதிரத்தோடு சட்டம் போட்ட ஒரு படத்தையும் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தாள். பழுப்பேறிய நிலப்படம் ஒன்றின் துண்டு. அதன்மேல் பொன்னெழுத்தில் 'புக்கிட் பல்கிஸ்', அதாவது பல்கிஸ் குன்று. அடியில் இரண்டு எண்கள். செவ்வாயில் ஒரு குன்றுக்கு வரப்போகிற மருமகளின் பெயர்! ஃபக்ருல் கோலாலம்பூரில் ஒரு விண்வெளிக் காட்சியகத்தில் வேலை பார்க்கிறவன். பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரையில் கிரகங்களைச் சுற்றிக் காட்டுகிற வேலை. அவனால் முடியாதா என்ன?

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் ஹஸ்னாவின் அக்கா. வீட்டில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் 'மாக் லோங்', ஹஸ்னாவுக்கு மட்டும் 'காக் லோங்'. அவள் அந்தச் சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தெரு முழுக்க வலம் வந்துவிட்டாள். "எங்க பொண்ணு பேர்ல கிரகத்துல பதிவாயிடுச்சு" என்று அவள் சொன்னதை நம்பி, எதிர்வீட்டுக்காரி அங்கே மனை விலை என்ன என்றுகூடக் கேட்டாள்.

ஹஸ்னா மட்டும் சிரிக்கவில்லை. பதிவு என்றால் வரைபடம் இருக்கும். வரைபடம் என்றால் பார்த்துவிடலாம்.

அந்த இணைய வரைபடம் மகளின் கணினியில் எப்போதும் திறந்துதான் கிடக்கும். முதலில் முழுக் கோளமும் வந்தது. சுட்ட செங்கல் நிறம். விரலால் தள்ளினால் உருண்டது. சட்டத்தைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தேடும் கட்டத்தில் எண்களை அடித்தாள். வடக்கு 29. பிறகு 139.

கோளம் ஒரு சுற்றுச் சுற்றி நின்று, அவள் முகத்தை நோக்கிப் பாய்ந்து வந்தது. நிலம் விரிந்தது. இன்னும் இறங்கினாள். வானத்திலிருந்து எடுத்த படங்கள் ஒவ்வொரு சதுரமாகத் தெளிந்தன.

அங்கே ஒன்றுமில்லை.

கழுவிவிட்ட தரை மாதிரி ஒரு சமவெளி. அங்கங்கே அம்மைத் தழும்பு போலச் சின்னப் பள்ளங்கள். அவ்வளவுதான்.

மேடு பள்ளத்துக்கு நிறம் காட்டும் பொத்தானை அழுத்தினாள். மேடு சிவப்பாகவும் தாழ்ந்த நிலம் நீலமாகவும் வர வேண்டும். கண்ணுக்கெட்டிய வரை ஒரே நிறம். பிறகு, அலுவலகத்தில் செய்வது போலவே, இங்கிருந்து அங்கு ஒரு கோடு இழுத்து உயரம் கேட்டாள். கீழே வந்த கோடு, துணி காயப்போட இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நேராக நின்றது.

ஹஸ்னா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே கயிறு.

"பல்கிஸ்! இங்க வா."

வெற்றிலைத் தட்டுக்கு மல்லிகை வாங்கி வந்த பல்கிஸ் ஈரக் கையோடு அம்மாவின் எதிரில் வந்து நின்றாள். அரசுப் பல் மருத்துவமனையில் உதவியாளர். வலியில் கத்துகிறவர்களை அதட்டாமல் உட்கார வைப்பதே அவள் வேலை என்பதால், குரல் எப்போதும் தணிந்தே இருக்கும்.

"உன் மலையைப் பாரு."

"ஐயோ மாக், அதை ஏன் திறந்தீங்க? நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம்னு இருந்தோம்."

"அதைத்தான் கேக்கறேன். இப்ப பாக்க வேணாம்னு சொன்னது நீயா, அவனா?"

"வேணாம்னு சொல்லல. நிச்சயம் முடியட்டும்னு சொன்னாரு."

"கையெழுத்துப் போடுங்க, அப்புறம் நிலத்தைக் காட்டறேன்னு சொன்ன ஆளுங்க எத்தனை பேரை நான் பாத்திருக்கேன் தெரியுமா? உக்காரு. இதுல எங்கடி குன்னு?"

பல்கிஸ் உட்கார்ந்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வடக்கே போனாள், தெற்கே போனாள்.

அந்த வரைபடம் அவளுக்குப் புதிதல்ல. ஆறு மாதமாக மாலை வேளைகளில் ஃபக்ருல் கோலாலம்பூரில் திறப்பான், அவள் இங்கே திறப்பாள். காதில் போன். "இன்னிக்கு எங்க போலாம்?" என்பான். ஒருநாள் கண்டம் நீளத்துக்குக் கிழிந்து கிடந்த பள்ளத்தாக்கின் விளிம்பு. ஒருநாள் துருவத்துப் பனி. நின்ற இடத்திலிருந்து பார்க்கிற மாதிரி காட்சியைச் சாய்த்துவிட்டு, "பாத்து, வழுக்கப் போவுது" என்பான். இருவரும் சினிமாவுக்குப் போனதில்லை, கடற்கரைக்குப் போனதில்லை. போனதெல்லாம் அங்கேதான்.

அங்கேயா பொய் சொல்வான்?

"எண்ணைத் தப்பா அடிச்சிருப்பீங்க மாக்."

"நானா? எண்ணை?" என்றாள் ஹஸ்னா.

எண் தப்பாகவில்லை என்பதைப் பல்கிஸே இரண்டு தடவை சரிபார்த்துவிட்டாள்.

பின்கட்டு வழியாக மாக் லோங் வந்தாள். ஒரு கையில் வாழையிலைக் கட்டு, மறுகையில் மஞ்சள் சோற்றுக்கு ஊறவைத்த பசையரிசி.

"என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"குன்னைக் காணோம், காக் லோங்."

"எந்தக் குன்னை?"

"நீ தெருவெல்லாம் தூக்கிட்டுத் திரிஞ்சியே, அதை."

மாக் லோங் கணினியை எட்டிப் பார்த்தாள். "அதெல்லாம் சின்னக் குன்னா இருக்கும். இவ்வளவு தூரத்துலேர்ந்து பாத்தா எப்படித் தெரியும்?"

"வீட்டளவு பாறைகூட இதுல தெரியும். அந்தப் பையன் பொய் சொல்லியிருக்கான்."

"ஹஸ்னா! அது அன்பா குடுத்த பொருளு. பட்டாவா அது, நீ எல்லைக்கல் தேடறதுக்கு?"

"இல்லாததைக் குடுக்கறதுக்குப் பேரு அன்பா? ஒரு மோதிரத்தை மட்டும் குடுத்திருந்தா நான் வாயைத் திறப்பேனா? முப்பத்தஞ்சு வயசு. நல்ல வேலை. பாக்கவும் லட்சணம். ஏன் இவ்வளவு நாளா கல்யாணம் ஆகல? நிச்சயத்தைச் சின்னதா வைங்க, சீக்கிரம் வைங்கன்னு அவங்கம்மா ஏன் அவ்வளவு அவசரப்படறாங்க? அப்பவே எனக்கு ஏதோ உறுத்துச்சு. நீதான் வாயை அடைச்ச."

"அவங்கம்மாவும் நானும் ஒண்ணா மெக்கா போனவங்க. அங்க வச்சுப் பேசின பேச்சு. அதுலயா பொய் இருக்கும்?"

"அவங்கம்மா பேச்சை நான் சொல்லல. இந்த எண்ணைச் சொல்றேன்."

பல்கிஸின் அப்பா இறந்தபோது பல்கிஸுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒரு விசேஷம், ஒரு முடிவு மாக் லோங் இல்லாமல் நடந்ததில்லை. அவள் சொன்னால் ஹஸ்னா கேட்பாள். இன்று கேட்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள்.

"ஏம்பா, கொஞ்சம் நிறுத்துங்க."

கூடாரத்தின் பாதிக் கால்கள்தான் நின்றிருந்தன. மேல்துணி ஒரு பக்கம் மட்டும் ஏறி, மறுபக்கம் தரையில் குவிந்து கிடந்தது.

"மாக்சிக், பாதியில எப்படி நிறுத்தறது? மழை வேற வருது."

"ஏறின மட்டும் ஏறினதா இருக்கட்டும். நான் சொல்ற வரைக்கும் மிச்சத்தைத் தொடாதீங்க."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்குப் பக்கத்து ஜன்னலும் திறந்தது.

உள்ளே மாக் லோங் தலையில் கைவைத்துக்கொண்டாள். "மானம் போச்சு. நிச்சயத்துக்கு முதல் நாள் கூடாரத்தை நிறுத்தற வீடு இந்த ஊர்ல இதுதான்."

பல்கிஸ் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கேட்க வேண்டும் என்று நினைத்தது நிறைய. அனுப்பியது ஒரே வரி: 'இன்னிக்கே ஒருதடவை வந்துட்டுப் போக முடியுமா? குன்னைப் பத்தி.'

பதில் உடனே வந்தது. 'வரேன்.' ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காததே அவளை உறுத்தியது. ஒன்றுமே கேட்காமல் வருகிறவனுக்கு, ஏன் கூப்பிடுகிறார்கள் என்று முன்பே தெரியுமோ?

ஃபக்ருல் மதிய ரயிலில் வந்தான். நிலையத்திலிருந்து நடந்து வந்தவன் தெருமுனையில் மழையில் மாட்டிக்கொண்டான். பாதிக் கூடாரத்தின் கீழே நின்று சட்டையைப் பிழிந்துவிட்டு, அது ஏன் பாதியாக நிற்கிறது என்று யாரிடமும் கேட்காமல் உள்ளே வந்து, ஹஸ்னாவின் கையைத் தொட்டுக் கும்பிட்டான்.

ஹஸ்னா துண்டு கொடுத்தாள். தேநீர் கொடுத்தாள். பிறகு கணினியை அவன் பக்கம் திருப்பினாள்.

"காட்டு."

அவன் ஒரு பார்வை பார்த்தான். முகத்தில் முதலில் குழப்பம். அப்புறம் சட்டத்தைப் பார்த்தான். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

"மாக்சிக், நீங்க கிழக்கே போயிட்டீங்க. குன்னு மேற்கே இருக்கு."

"விளையாடாதே."

"இல்ல மாக்சிக். இந்தச் சட்டத்துல இருக்கற படம் எங்க காட்சியகத்துல கழிச்சுப் போட்ட பழைய தாள். அந்தக் காலத்துல செவ்வாய்க்கு மேற்குப் பக்கமா எண்ணிட்டுப் போவாங்க. இப்ப இந்த வரைபடம் கிழக்குப் பக்கமா எண்ணுது. தாள்ல இருக்கற கோட்டோட பொருந்தணுமேன்னு நான் பழைய எண்ணையே போட்டேன். நூத்து முப்பத்தொம்பதுன்னா, இதுல இருநூத்து இருபத்தொண்ணு."

அவன் விசைப்பலகைக்குக் கையை நீட்டினான். ஹஸ்னா கையைத் தட்டிவிட்டாள்.

"நீ சும்மா இரு. நான் அடிக்கறேன்."

வடக்கு 29. கிழக்கு 221.

கோளம் உருண்டது. இந்தத் தடவை நெடுந்தூரம் உருண்டது. பெரிய எரிமலை ஒன்று திரையின் ஓரத்தில் வந்து ஒதுங்கியது. அதற்கு வடமேற்கே, மடித்துக் கசக்கிப் போட்ட பாய் மாதிரி வரிவரியாக மேடுகள். அந்த வரிசையில் சேராமல், கோபித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்த மாதிரி ஒரு குன்று. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. அதன் நிழல் நீளமாகக் கிடந்தது.

ஹஸ்னா கோடு இழுத்தாள். கீழே வந்த கோடு தரையில் ஓடி, திடீரென்று எழும்பி, ஒரு முதுகு காட்டிவிட்டு இறங்கியது.

"நானூறு மீட்டருக்கு மேல போவுது," என்றாள் மெதுவாக.

"நானூத்தி முப்பது," என்றான் ஃபக்ருல்.

பல்கிஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் ஹஸ்னா அவ்வளவு சுலபத்தில் விடுகிறவள் இல்லை. "சரி, குன்னு இருக்கு. பேரு எங்க பதிவாயிருக்கு? பட்டா யாரு பேர்ல?"

"பட்டா கிடையாது மாக்சிக். அங்க பேர் வைக்க உலக வானியல் சங்கம் இருக்கு, அவங்க வச்சாத்தான் பேரு. இது என் கணக்குல நான் நட்ட கொடி, அவ்வளவுதான். நான் பாத்தாத் தெரியும், நான் காட்டினாத் தெரியும்," என்று சொல்லி, தன் பெயரில் உள்ளே நுழைந்து காட்டினான். குன்றின் உச்சியில் சின்னதாக ஒரு சிவப்புக் கொடி முளைத்தது. புக்கிட் பல்கிஸ்.

"பதிவாயிடுச்சுன்னு இவதான் ஊரெல்லாம் சொன்னா," என்று ஹஸ்னா அக்காவைக் காட்டினாள்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்," என்றாள் மாக் லோங்.

ஹஸ்னாவுக்கு ஃபக்ருலின் பதில் பிடித்துப்போயிற்று. பட்டா கிடையாது என்று முகத்துக்கு நேரே சொன்ன ஆளை அவள் அலுவலகத்தில் பார்த்ததே இல்லை.

"எங்க ஆபீஸ்லயும் பழைய தாள் சங்கிலிக் கணக்குலதான் இருக்கும். புதுசு மீட்டர். ரெண்டையும் கலந்தா வீடு ஆத்துல நிக்கும். எனக்கு இது தோணியிருக்கணும்." அவள் காது சிவந்திருந்தது. "தம்பி, நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். கூடாரத்தைக்கூட நிறுத்திட்டேன்."

"பாத்தேன் மாக்சிக். மழைக்கு ஒதுங்க அந்தப் பாதியே போதுமா இருந்துது."

ஹஸ்னா சிரித்தேவிட்டாள். வாசலுக்குப் போய், "மிச்சத்தையும் ஏத்துங்கப்பா!" என்று கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. திரும்பி வந்து, வேண்டாம் வேண்டாம் என்றவனைப் பிடித்து உட்கார வைத்து, நாளைய விருந்துக்கு வைத்திருந்த இறைச்சியில் முதல் கரண்டியை அவன் தட்டில் போட்டாள்.

நாளைக்கு அம்மாவோடும் சீரோடும் ஈப்போவில் இருக்கும் அம்மா வீட்டிலிருந்து வர வேண்டியவன் என்பதால் அவன் அதிக நேரம் உட்காரவில்லை. மாக் லோங் குடையோடு தெருமுனை வரை கொண்டுவிடப் போனாள். பல்கிஸ் ஜன்னலில் நின்று பார்த்தாள். வாசல் கதவருகே அவன் ஏதோ கேட்டான். மாக் லோங் அவன் தோளைத் தட்டி, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டான். நிம்மதியானவன் ஆட்டுகிற மாதிரி.

என்ன பேசினார்கள் என்று கேட்க நினைத்து, மறந்துபோனாள். மறக்கிற மாதிரி சந்தோஷமாக இருந்தாள்.

மாலைத் தொழுகை முடிந்தது. அடுக்களையில் அக்காளும் தங்கையும் பெரிய சட்டியில் கரண்டி போட்டுக் கிளறிக்கொண்டு, யாரோ ஒருத்தியின் பழைய கல்யாணக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பல்கிஸ் கணினியின் முன்னால் உட்கார்ந்தாள்.

ஃபக்ருல் வெளியேற மறந்துவிட்டுப் போயிருந்தான். கொடி அப்படியே இருந்தது.

அவள் காட்சியைச் சாய்த்து, குன்றின் அடிவாரத்தில் போய் நின்றாள். மெல்ல மெல்லச் சரிவான பக்கமாக ஏறினாள். உச்சியிலிருந்து சுற்றிலும் பார்த்தாள். மேடுகள், மேடுகள், மேடுகள். ஒரு வீடு இல்லை, ஒரு ஜன்னல் இல்லை. என் குன்று, என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

கொடியைத் தொட்டாள். பெயர் விரிந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பென்சில் குறி. என்ன என்று தெரியாமல்தான் அதைத் தொட்டாள்.

பெயர் மாற்றியது: போன மாதம். முந்தைய பெயர்: புக்கிட் மைசாரா. கொடி நட்டது: ஐந்து வருஷத்துக்கு முன்னால்.

பல்கிஸ் அந்த மூன்று வரியையும் படித்தாள். திரும்பப் படித்தாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஃபக்ருல் என்று ஒருவன் இருப்பதே தெரியாது.

காலையில் அம்மா கேட்ட கேள்விகளெல்லாம், ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தன. ஏன் இவ்வளவு நாளாகக் கல்யாணம் ஆகவில்லை? எதற்கு அவசரம்? நிச்சயம் முடிகிற வரை ஏன் பார்க்கக் கூடாது? பகல் முழுக்க மனசுக்குள் அவனுக்காக வாதாடியவள் அவள்தான். இப்போது அம்மா சிரிக்கிறாள்.

போனை எடுத்தாள்.

"என்ன, குன்னு ஏறியாச்சா?" என்றான் அவன்.

"மைசாரா யாரு?"

மறுமுனையில் எங்கோ ஒரு வண்டி ஹார்ன் அடித்தது.

"யாருன்னு கேட்டேன்."

"பல்கிஸ்... என் மக."

அவள் எதிர்பார்த்தது ஒரு பெண்ணை. எந்தப் பெண்ணின் பெயர் வந்தாலும் என்ன கேட்பது என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். இதற்கு அவளிடம் கேள்வி இல்லை.

"உனக்குத்தான் தெரியுமே," என்றான் அவன்.

"எனக்கா? எப்படித் தெரியும்?"

"மாக் லோங் சொல்லலையா?" அவன் குரல் மாறியது. "மெக்காவுல வச்சே எங்கம்மா அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. கல்யாணமானது, பிரிஞ்சது, குழந்தை தன் அம்மாவோட கடல் தாண்டி சபா மாநிலத்துல இருக்கறது, எல்லாம். உன்கிட்டயும் உங்கம்மாகிட்டயும் பேசிட்டேன், ரெண்டு பேருக்கும் சம்மதம்னு மாக் லோங்தான் சொன்னாங்க. ஆனா பல்கிஸ் மனசு வருத்தப்படும், நிச்சயம் முடியற வரைக்கும் நீயா அந்தப் பேச்சை எடுக்காதேன்னாங்க. இன்னிக்கு நீ குன்னைப் பத்தின்னு அனுப்பினதும் இதைக் கேக்கத்தான் கூப்பிடறேன்னு நினைச்சு வந்தேன். வாசல்ல வச்சு மறுபடி கேட்டேன். எல்லாம் தெரியும், எல்லாம் சரின்னாங்க."

பல்கிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். தோளைத் தட்டிய கை. ஆடிய குடை.

அவன் பொய் சொல்கிறானா? இப்போதும் சொல்லலாம். மாக் லோங் மேல் பழியைப் போடுவது சுலபம். யாரை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் திரையில் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

"இந்தக் குன்னு அவளுக்கு வச்சதா?"

"அவ பொறந்த அன்னிக்கு."

"அதை எடுத்துத்தான் எனக்குக் குடுத்தீங்களா?"

"பல்கிஸ், நான் அவளைப் பாத்தே மூணு வருஷம் ஆச்சு. போன்லகூடப் பேச விடறதில்ல. அவளுக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. நான் பாத்ததுலயே அழகான இடம் அதுதான். சும்மா கெடக்கேன்னு..."

"சும்மா கெடந்ததையா எனக்குக் குடுத்த?"

நீங்க என்பது நீ ஆனதை இருவரும் கவனித்தார்கள்.

"நான் அப்படிச் சொல்லல."

"அவ என்னிக்காவது ஒருநாள் பெருசாகி, அப்பா எனக்கு என்ன வச்சிருந்தீங்கன்னு கேட்டா, யாரு பேரைக் காட்டுவ? என் பேரையா?"

பல்கிஸ் திரையில் கொடியைத் திரும்பப் பார்த்தாள்.

"அவ பேரைத் திருப்பி வை. இப்பவே. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"நாளைக்கு..."

"நாளைக்கு இருக்கா இல்லையாங்கறதை அப்புறம் பேசுவோம். முதல்ல அதை மாத்து."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறிது நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கொடியின் மேலிருந்த அவள் பெயர் மறைந்தது. ஒரு கணம் வெறும் கொடி. அப்புறம் எழுத்துகள் வந்தன. புக்கிட் மைசாரா.

ஈப்போவில் அவன் அழுகிறானா என்று தெரியவில்லை. அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

அடுக்களையில் தேங்காய்ப்பால் வற்றுகிற வாசனை. மாக் லோங் கிளறிக்கொண்டிருந்தாள். ஹஸ்னா பக்கத்து அடுப்பில் மஞ்சள் சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா வா. உன் குன்னை எந்தத் தட்டுல வைக்கலாம்னு பேசிட்டிருக்கோம். நடுத் தட்டுல வச்சா எல்லாருக்கும் தெரியும்னு நான் சொல்றேன். காக் லோங் ஓரமா வைன்றா. போன வாரம் இவதான் தூக்கிட்டுத் திரிஞ்சா, இப்ப ஓரமாம்!"

பல்கிஸ் பெரியம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். மைசாரா யார் என்று கேட்டால் யாரோ என்று சொல்லிவிடுவாள். அதனால் அவள் அதைக் கேட்கவில்லை. வலியில் இருப்பவர்களிடம் பேசுகிற அதே தணிந்த குரலில், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"மாக் லோங், மைசாராவுக்கு இப்ப என்ன வயசு?"

"அஞ்சு முடிஞ்சு..." என்று தொடங்கிய மாக் லோங், பாதியில் வாயை மூடினாள். கரண்டி சட்டியின் விளிம்பில் மோதி நின்றது.

ஹஸ்னா அக்காவைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மறுபடி அக்காவைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் அலுவலகத்து மேசைக்கு எதிரில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"யாருக்கு அஞ்சு முடிஞ்சுது?"

ஹஸ்னா கையை நீட்டி, முதலில் தன் அடுப்பை அணைத்தாள். பிறகு அக்காவின் அடுப்பையும் அணைத்தாள்.